அண்ணாவுக்கு வைத்த பொட்டு

1

போன மாதம் அப்பாவின் திவசம் வந்தது. அதற்கு ஒரு நாள் லீவு கேட்டபோது, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் பதறிப்போய்க் கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். "உன் அப்பாவா? எப்போது?" என்று என் கையைப் பிடித்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது என்று சொன்னதும், பிடித்த கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நோர்வேக்காரர் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு ஒரு சாவுக்கு ஒரு தடவைதான் லீவு. நாங்கள் வருடா வருடம் எடுப்போம் என்று விளங்கப்படுத்த எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி போதாது. கடைசியில் படிவத்தில் 'சமய விடுமுறை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுத் தந்தார்.

பேர்கன் நகரத்தில் வாழையிலைக்கு எங்கே போவது? ஆறு மரக்கறி சமைத்து, வீட்டில் இருந்த பெரிய பீங்கானில் படைத்து, அப்பாவின் படத்தைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மகள் ஆரணி வேறு நகரத்தில் படிக்கிறாள். திவசத்துக்கென்று வரவில்லை, உடுப்புத் தோய்க்க வந்தவள் அகப்பட்டுக்கொண்டாள். மேசையின் மற்றப் பக்கத்தில் என் லப்டொப்பைத் திறந்து வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, செத்த ஆக்கள்ர படத்துக்குத்தானே பொட்டு வைக்கிறது?"

"ஓம்."

"அப்ப மாமா எப்ப செத்தவர்?"

கையில் இருந்த குங்குமச் சிமிழை மேசையில் வைத்தேன். "என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? மாமா மன்னாரில இருக்கிறார். போன நத்தாருக்கும் அவரோட கதைச்சனீதானே."

அவள் லப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். நான் அப்போது இரண்டு மாதமாகத் திருத்திக்கொண்டிருந்த எங்கள் பழைய குடும்பப் படம் அதில் திறந்திருந்தது. படத்தில் நான்கு பேர். மூன்று பேருக்கு முகம் இருந்தது. அண்ணாவின் கழுத்துக்கு மேலே, ஒரு சிவப்புக் கறையும் உரிந்துபோன வெள்ளையும் மட்டும் இருந்தன. கறையைப் பெரிதாக்கிக் காட்டினாள். அப்பாவின் படத்தில் இப்போது நான் வைத்த அதே நிறம்.

"இது பொட்டுத்தானே?"

"சோறு ஆறுது. சாப்பிடு," என்றேன்.

சாப்பிட்டாள். பதில் கிடைக்காத கேள்விகளை இந்தப் பிள்ளைகள் வற்புறுத்துவதில்லை. பேசாமல் விட்டுவிட்டுத் தூரப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு அவள் பஸ் ஏறிய பிறகுதான், இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

2

அந்தப் படம் கொட்டாஞ்சேனையில் எடுத்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. அதனால் நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் என்றாலும் நானும் அண்ணாவும் கொழும்புப் பிள்ளைகள்தான். கப்பல் ஊதினால் மணி பார்க்காமலே அப்பா வேலைக்குப் போவார். ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் சேர்ச் மணி, நடுவில் சாப்பாட்டுக் கடைகளில் கொத்துரொட்டிச் சத்தம். செவ்வாய்க்கிழமைகளில் அப்பா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயில். இரண்டு பக்கமும் ஆள் வைத்திருக்கிறார் என்று அம்மா பகிடி பண்ணுவா.

அண்ணாவுக்கு அப்போது பதினேழு வயது. பேர் ரவீந்திரன். பள்ளிச் சோதனை எழுதத் தேவையான தபால் அடையாள அட்டை எடுக்கவென்று அவனை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போன அப்பா, போனதுதான் போனோம் என்று எல்லோரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். பின்னால் திரைச்சீலையில் ஒரு மாளிகைப் படிக்கட்டு. அம்மாவும் அப்பாவும் கதிரையில். நான் இரட்டைப் பின்னலோடு ஸ்டூலில். அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அண்ணா பின்னால். அவனுக்கு ஒரு காது மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அதை மறைக்க அவன் தலையைச் சரித்தான், படக்காரர் நிமிர்த்தினார், இவன் மறுபடி சரித்தான். நாங்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பது படத்தில் இன்றைக்கும் தெரியும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்து போனது. முன் அறையில் மாட்டியிருந்த அந்தப் படத்தை அம்மா சேலைக்குள் சுற்றிக்கொண்டு ஓடியிருந்தா. அதனால் அது மட்டும் மிஞ்சியது. அகதிகளோடு கப்பலில் யாழ்ப்பாணம் போனோம். ஒரு வருடத்தில் அப்பாவின் வேலைக்காக நாங்கள் மூவரும் கொழும்புக்குத் திரும்பி வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மேல்வீடு எடுத்தோம். அண்ணா வரவில்லை. அங்கேயே கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை எடுத்துக்கொண்டான். கொழும்பு இனி எனக்கு வேண்டாம் என்று எழுதினான்.

பிறகு ஒரு நாள் கலியாணம் செய்துவிட்டதாக எழுதினான். ஸ்டெல்லா, மன்னார்ப் பெண், கத்தோலிக்கப் பிள்ளை. வருடக் கணக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திய என் அப்பா, அந்தோனியாரைக் கும்பிடுகிற ஒரு மருமகள் வந்ததும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "இனி நீ எங்களுக்குச் செத்தவன்" என்று தன் கையாலேயே எழுதித் தபாலில் போட்டார். கோபத்தில் எழுதியதுதான். ஆறு மாதத்தில் ஆறிவிடும் என்று அம்மா சொன்னா. ஆறு மாதத்துக்குள் யுத்தம் மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். தபாலும் நின்றது. அண்ணா இயக்கத்தின் பிடியில் இருந்த வன்னிப் பக்கம் போய்விட்டான் என்று மட்டும் யாரோ சொல்லக் கேள்விப்பட்டோம்.

3

அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்த தாள் ஒன்று எல்லோர் வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் தாளில் மூன்று பேர். சுவரில் தொங்கிய படத்தில் நான்கு பேர்.

கொழும்பில் எங்கேயோ குண்டு வெடித்த கிழமை அது. 'செக்கிங்' என்று வீடு வீடாகச் சோதனைக்கு வந்த பொலிசாரில் ஒருவர் தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், விரலால் எண்ணினார். அண்ணாவின் முகத்தில் விரலை வைத்து "மே கவுத?" என்று கேட்டார். இது யார் என்று.

அப்பா தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வது? வன்னியில் இருக்கிறான் என்றால் அங்கே என்ன செய்கிறான் என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு கேள்வி வீட்டில் முடியாது, அப்பாவை ஏற்றிக்கொண்டு போய்த்தான் முடியும். வெளிநாட்டில் என்றால் கடிதத்தைக் காட்டு என்பார்கள். அப்போதுதான் குசினிக்குள் இருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அமைதியாகச் சொன்னா:

"மகே புத்தா, மாத்தயா. மெருணா."

என் மகன், ஐயா. செத்துப்போனான்.

எப்படி என்று கேட்டார். காய்ச்சல் என்றா. எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் என்றா. அவர் படத்தை ஆணியிலிருந்து கழற்றிப் பின்பக்கம் பார்த்தார். திருப்பி மாட்டும்போது அது கைதவறி விழுந்து கண்ணாடி உடைந்தது. பாவம், அவரே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். போகும்போது வாசலில் நின்று, தான் யாழ்ப்பாணத்தில் வேலை செய்திருப்பதாகச் சொன்னார். "உங்கட ஆக்கள் செத்தவருக்குச் சிவப்பு வைப்பாங்கதானே? இவருக்கு ஏன் இல்லை?" என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா, கண்ணாடி துடைக்கும்போது அழிந்துவிட்டது என்றா.

அவர்கள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் அம்மா என்னிடம், "பிள்ளை, சந்தனக் கல்லை எடு," என்றா.

எனக்குப் பதினாறு வயது. நான்தான் உரைத்துக் கொடுத்தேன். அம்மா மோதிர விரலால் தொட்டு, கண்ணாடி இல்லாத அந்தப் படத்தில், அண்ணாவின் நெற்றியில் வைத்தா. அதன்மேல் குங்குமம். தலை பெருவிரல் நகத்தளவுதான், பொட்டு வைத்ததும் பாதி முகம் போய்விட்டது. அப்பா மற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தான் எழுதிய கடிதம் தன் வீட்டுச் சுவரிலேயே வந்து நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை என்று இப்போது விளங்குகிறது.

காய்ந்த பொட்டு சந்தேகம் தரும் என்று வெள்ளிக்கு வெள்ளி அம்மா அதைப் புதுப்பித்தா. புதுக் கண்ணாடி போடக் கடைக்குக் கொண்டுபோகப் பயம், அங்கேயும் யார் என்று கேட்பார்கள். கடல் உப்புக் காற்றும், சந்தனத்தின் ஈரமும், மாரி காலத்துப் பூஞ்சணமும் சேர்ந்து அந்த இடத்தைத் தின்னத் தொடங்கின. யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தா. அண்ணாவை விசாரித்து யார் வந்தாலும், தமிழன் வந்தாலும், சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், செத்துவிட்டார். வேறு கதை இல்லை.

அந்தச் சொல்லை அம்மா நாற்பது தடவையாவது சொல்லியிருப்பா. ஒரு தடவைகூட அழவில்லை. ஒருமுறை வந்த ஒருவருக்கு அது சரியாகப் படவில்லை. மகன் செத்ததைச் சொல்லும்போது தாய்க்குக் கண் கலங்காதா என்று கேட்டார். "அழுது முடிஞ்சுது, மாத்தயா," என்றா அம்மா. அவர்கள் போனபின் நானும் கேட்டேன். கொஞ்சம் அழுதால் நம்புவார்கள்தானே அம்மா என்று.

"அழுதா நானும் நம்பிப்போடுவன், பிள்ளை," என்றா.

கலியாணம் முடித்து நோர்வேக்கு விசா எடுக்கப் போனபோது, நேர்முகத்தில் சகோதரர் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரு அண்ணா என்றேன். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்கள். வாய் பழக்கத்தில் 'இல்லை' என்று தொடங்கிவிட்டது. நாக்கைக் கடித்து நிறுத்தினேன். அந்தப் பெண்மணி காத்திருந்துவிட்டு, 'தெரியாது' என்று ஒரு கட்டம் இருக்கிறது என்று சொன்னாள். அதில் போட்டோம். உண்மையும் அதுதான். அப்பா செத்ததைக்கூட அவனுக்கு அறிவிக்க வழி இருக்கவில்லை.

4

யுத்தம் முடிந்து ஒரு வருடத்தில் அண்ணா உயிரோடு இருப்பது தெரியவந்தது. ஸ்டெல்லா அண்ணியின் ஊர்ச் சேர்ச் சுவாமியார் மூலம் அம்மா விசாரித்துக் கண்டுபிடித்தா. இரண்டு பிள்ளைகளோடு மன்னாரில் இருந்தான். அம்மா முதல் தடவை போனில் கதைத்தபோது, அவன் "சுகமா இருக்கிறம்" என்றான். அதற்குப் பிறகும் பொங்கலுக்கும் நத்தாருக்கும் அதைத்தான் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரனோடு கதைப்பதுபோல் கதைப்பான். மன்னாரிலிருந்து கொழும்புக்கு நேராக பஸ் ஓடுகிறது. பதினான்கு வருடமாக அவன் அதில் ஏறவில்லை.

"ஏன் வாறானில்லை?" என்று அம்மா என்னிடம் கேட்பா. பிறகு தானே பதிலும் சொல்லுவா. "உயிரோட இருந்த பிள்ளைக்குப் பொட்டு வைச்சனான். அந்தப் பாவம் அவனை என்னட்டை அண்ட விடுதில்லை." அவனிடம் சொல்லுங்கள் என்றால் மாட்டா. எந்த முகத்தோடு சொல்லுறது என்பா.

எண்பத்துநான்கு வயதில் அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு ஒபரேசன் செய்யவேண்டும் என்று டொக்டர் நாள் குறித்தார். அதற்கு முன் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "நீ கொம்பியூட்டரில பழைய படம் திருத்துறனி எண்டு சொன்னியே. அந்தப் பொட்டை எடுத்துவிடு, பிள்ளை. அவன் அறியாமல் எடுத்துவிடு. அந்தப் படத்தோட என்னால சாகேலாது." இங்கே வந்த ஒருவரிடம், இரண்டு பழைய கலண்டர் மட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பினா.

நூலகத்தில் நடந்த மாலை வகுப்பில் கொஞ்சம் படித்திருந்தேன், அவ்வளவுதான். ஸ்கேன் செய்து, எட்டு மடங்கு பெரிதாக்கி, பூஞ்சணத்தைப் புள்ளி புள்ளியாக எடுக்கத் தொடங்கினேன். பழுதான இடத்துக்குப் பக்கத்திலுள்ள நல்ல இடத்தை எடுத்து ஒட்டும் ஒரு பிரஷ் இருக்கிறது. ஆரணி அதற்குச் 'சுகமாக்கிற பிரஷ்' என்று பேர் வைத்தாள். அவளுடைய தமிழில் அப்படித்தான் வந்தது, எனக்கும் பிடித்துக்கொண்டது. அப்பாவின் மீசைக்கு ஒரு கிழமை. மாளிகைப் படிக்கட்டுக்கு இரண்டு நாள். அந்தப் படிக்கட்டு இப்போது ஸ்டூடியோவில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது.

அண்ணாவிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. சந்தனம் போன இடத்தில் தாள்தான் இருந்தது. சுகமாக்கப் பக்கத்தில் நல்ல தோல் ஒன்றுமில்லை. திவசம் முடிந்த கிழமை, பொறுமை கெட்டு, எல்லாவற்றையும் தானே செய்யும் ஒரு புது வசதியை அழுத்தினேன். அரை நிமிடத்தில் அண்ணாவின் கழுத்துக்கு மேல் ஒரு வடிவான பெடியன் வந்து நின்று சிரித்தான். சேட் விளம்பரத்துக்கு நிற்பவனைப் போல. சரி, அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று வெள்ளவத்தைக்கு அனுப்பினேன். அம்மாவோடு இருக்கிற மலரக்கா போனைக் காட்டினா.

"ஆர் இந்தப் பெடியன்?" என்றா அம்மா. "என்ர பிள்ளைக்கு ஒரு காது வெளியால நிக்கும். இவனுக்கு ரெண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கு." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தா. "இதென்ன பிள்ளை, கொப்பர் பக்கத்தில இருக்கேக்கையே என்ர பொட்டை அழிச்சுப்போட்டியே!"

பார்த்தேன். புள்ளிகளை நீக்கும் அந்த வசதி, அண்ணாவின் பொட்டோடு அம்மாவின் நெற்றிப் பொட்டையும் அழுக்கென்று நினைத்து வழித்துவிட்டது. அப்பா பக்கத்தில் விறைப்பாக இருக்க, அம்மா வெறும் நெற்றியோடு இருந்தா. ஒரே அழுத்தில் அண்ணாவை உயிர்ப்பித்து, அப்பாவைச் சாகடித்துவிட்டேன். நோர்வேயில் வேறு யாருக்கும் இது பிழையாகவே தெரியாது. அம்மா சிரித்துவிட்டா. நானும் சிரித்தேன்.

அன்றைக்கே தீர்மானித்தேன். இந்த மெஷினுக்கு அண்ணாவைத் தெரியாது. உண்மையான முகம் வேண்டும். அவன் அறியாமல் எடு என்று அம்மா சொன்னதை மீறினால்தான் அது கிடைக்கும்.

5

வேலையிடத்தில் துணி மடிக்கும் அறையிலிருந்து அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். "அண்ணா, உங்கட பழைய படம் ஏதும் இருக்கோ? கொட்டாஞ்சேனைப் படத்தைத் திருத்துறன். உங்கட முகம் மட்டும் பழுதாப் போச்சு."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"பொட்டு வைச்ச இடம்தானே?" என்றான்.

நான் துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இனி அதைத் துடைச்சு என்ன செய்யப் போறியள், சுகி? வைச்சது வைச்சதுதானே."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவன் கோபப்படாமல் சொன்னான். அது இன்னும் கொடுமையாக இருந்தது. வன்னியில் அவனோடு சங்கக்கடையில் வேலை செய்த ஒருவருக்குத் தாயின் கண் வைத்தியத்துக்காகக் கொழும்பு வர பாஸ் கிடைத்திருக்கிறது. அவரிடம் அண்ணா ஒரு கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறான். மூத்த பிள்ளை பிறந்திருக்கிறாள், அப்பாவின் தாயின் பேரை வைத்திருக்கிறோம், கோபத்தை விடுங்கள் என்று எழுதிய கடிதம். போனவர் கடிதத்தைக் கொடுக்காமல் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

"வீட்டில ஒரு பிள்ளைதான் நிண்டதாம். ரவீந்திரன்ர வீடு இதுதானே எண்டு கேட்டவராம். அவர் செத்திட்டார் எண்டு சொல்லிப் படத்தைக் காட்டினதாம். படத்தில பொட்டு. அந்த மனுசன் என்ன செய்யும்? அப்பா கடிதத்தில எழுதினதைச் செய்தே போட்டார் எண்டு நான் நினைச்சன். நீயும் சேர்ந்து சொன்னதுதான் எனக்கு..."

எனக்கு அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நினைத்துப் பார்க்காத முகம். வெயிலில் கறுத்து, ஒரு பழைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்தார். வடக்கிலிருந்து செய்தி கொண்டுவந்தேன் என்று சொல்லி வீடுகளுக்குள் வந்து வாயைக் கிளறுகிறவர்களைப் பற்றி அப்போது நிறையக் கதை. நான் அசையவில்லை. செத்துவிட்டார் என்று கண் இமைக்காமல் சொன்னேன். "செத்திட்டாரோ?" என்று திகைத்துக் கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பைக்குள் போன கையை வெறுமையாக எடுத்துக்கொண்டு எழும்பினார். நான் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

அம்மா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். ஒராள் அண்ணாவை விசாரித்து வந்தது, செத்துவிட்டார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன் என்று. அம்மா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி," என்றா.

துணி அறையில் இருந்து அண்ணாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பதிவுத் தாளில் மூன்று பேர் என்பதிலிருந்து சந்தனக் கல் வரைக்கும். மடித்த துணியொன்றால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, துணி தோய்க்கும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்திச் சொன்னேன். உடன் வேலை செய்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று சைகையால் கேட்டாள். ஒருவரும் இல்லை என்று தலையாட்டினேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று அண்ணாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. "நான்தான் அண்ணா, நான்தான்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அந்த ஆள் வந்த கதை அம்மாவுக்குத் தெரியுமோ?" என்றான்.

"ஆரோ வந்தது தெரியும். உங்கட ஆள் எண்டு தெரியாது."

"சொல்லாத. அவ தாங்கமாட்டா." பிறகு, "ஒபரேசன் எப்ப?" என்று கேட்டான்.

அன்று பின்னேரம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. தபால் அடையாள அட்டை. ஸ்டெல்லா அண்ணி தன் செபப் புத்தகத்துக்குள் வைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி, வன்னியெல்லாம் ஓடி, முகாமுக்குள்ளும் காப்பாற்றியிருந்தா. அதே ஸ்டூடியோ, அதே நாள், அதே டை. அட்டைக்கு நேராக நிற்கவேண்டும் என்பதால் சரிக்க விடவில்லைப்போல. காது முழுசாக வெளியே நின்றது.

6

மூன்று நாள் வேலை. அதே ஸ்டூடியோ வெளிச்சம் என்பதால் ஒளி விழுந்த பக்கம் பொருந்தியது. முகத்தைக் கொஞ்சம் சரித்துப் பொருத்தினேன், அவன் சரித்துக்கொண்டுதானே நின்றவன். அம்மாவின் பொட்டைத் திருப்பி வைத்தேன். ஆரணி போனில் இருந்தபடி, நிழலை எப்படி மெல்லியதாக்குவது என்று சொல்லித் தந்தாள். முழுக் கதையையும் அவளுக்கு அப்போதுதான் சொன்னேன். அவள் தமிழும் நோர்வேஜியனும் கலந்து, "அப்ப அம்மம்மா பொய் சொல்லி எல்லாரையும் காப்பாத்தினவ. பிறகு ஏன் வெக்கப்படுறா?" என்று கேட்டாள். இந்தத் தடவை சாப்பிடு என்று சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, பிள்ளை, என்றேன். அடுத்த கிழமையும் அவளாகவே போன் எடுத்தாள்.

படத்தை அண்ணாவுக்குத்தான் அனுப்பினேன். அவன் ஒபரேசனுக்கு இரண்டு நாள் முன்னர் பஸ் ஏறினான். காலி வீதியில் ஒரு கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, கண்ணாடியும் போட்டு, ஒழுங்கைக்குள் நடந்தான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இந்தக் காரணத்துக்குப் படிவத்தில் கட்டமும் இல்லை. மலரக்கா போனைப் பிடித்துக்கொண்டு நின்றா, நான் பேர்கனில் குசினி மேசையில் இருந்து பார்த்தேன்.

அம்மா கட்டிலில் இருந்தா. உள்ளே வந்தவனுக்குத் தலை முழுக்க வழுக்கை, சின்ன வயிறு, கையில் கடுதாசி சுற்றிய படம். இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை. அவன் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கடுதாசியைப் பிரித்து அம்மாவின் மடியில் வைத்தான். அம்மா படத்தைப் பார்த்தா. விரலால் அவன் நெற்றியைத் தடவிப் பார்த்தா, கண்ணாடிதான் தட்டுப்பட்டது. பிறகு நிமிர்ந்து அவனுடைய காதைப் பார்த்தா.

"இப்ப சரி," என்றா.

போனில் படம் அசையாமல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் போனைத் தட்டினேன்.

"தம்பி, நான் உனக்கு ஒண்டு சொல்லோணும்," என்றா அம்மா. "உன்னை நான்..."

"தெரியும். சுகி சொன்னவள்."

"நாப்பது தரம் சொல்லியிருப்பன் ராசா."

"சிங்களத்திலயோ?" அவன் சிரிக்கப் பார்த்தான். "உங்களுக்கு மீன்காரனோட கதைக்கிற சிங்களம்தானே தெரியும். என்னண்டு சொன்னனீங்கள்? சொல்லுங்கோ பாப்பம்."

அவன் பகிடிக்குத்தான் கேட்டான். அம்மாவும் பகிடிக்குச் சொல்ல வாயைத் திறந்தா. "மகே புத்தா" என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எத்தனையோ பேருக்கு முன்னால் கண் கலங்காமல் சொன்ன அந்த ஒரு சொல்லை, அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அம்மாவால் சொல்ல முடியவில்லை. மறுபடி தொடங்கினா. உதடு மட்டும் அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது. அண்ணாவுக்காக என் அம்மா அழுததை நான் அன்றைக்குத்தான் முதன்முதல் பார்த்தேன். அழக்கூடாது என்று நினைத்தாவோ என்னவோ, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டா.

அண்ணா கட்டிலில் ஏறி அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தான். பொத்திய கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"அழுங்கோ அம்மா," என்றான். "இனி ஒருத்தரும் செக்கிங்குக்கு வரமாட்டினம்."